மினாக்ஸிடில் தடவினால் எத்தனை நாளில் முடி வளரும்? முதல் வாரம் முதல் ஓராண்டு வரை என்ன நடக்கும்? முழு விளக்கம்

மருந்து தடவ ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் தலையணையில் முன்பைவிட அதிக முடி. தலைக்குக் குளித்தால் பாத்ரூமில் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு கொத்து முடி அடைத்துக்கொண்டு நிற்கும். "முடி வளரும்னு சொல்லித்தானே கொடுத்தாங்க, இருக்கிறதும் போகுதே" என்ற பயம் வரும். அன்றோடு பாட்டில் அலமாரிக்குள் போய்விடும்.

முடி உதிர்வுக்குத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தைப் பாதியில் கைவிடுபவர்கள் பலரின் கதை இதுதான். ஆனால் இந்த மருந்து வேலை செய்கிறதா, இல்லையா என்று முடிவு செய்ய ஒரு மாதம் போதவே போதாது. அப்படியானால் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? எந்த மாதத்தில் என்ன எதிர்பார்க்கலாம்? எப்போது "இது நமக்குச் சரிவராது" என்று நிறுத்தலாம்?

சுருக்கமாகச் சொன்னால்...

• முதல் 2 முதல் 8 வாரங்களில் முடி கொட்டுவது அதிகரிக்கலாம். பெரும்பாலும் இது தற்காலிகமானதே.
• கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்குக் குறைந்தது 3 முதல் 4 மாதங்கள் ஆகும்.
• பலன் உண்டா, இல்லையா என்பதை 6 மாதம் முறையாகத் தடவிய பிறகு மதிப்பிடுவது நல்லது.
• முழுப் பலன் தெரிய ஓராண்டு வரை ஆகலாம்.
• மருந்தை நிறுத்தினால், அதனால் கிடைத்த முடி சில மாதங்களில் உதிர்ந்துவிடும்.

பிரஷர் மாத்திரை, முடி மருந்தானது எப்படி?

மினாக்ஸிடில் முதலில் முடிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. கடுமையான உயர் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக 1979-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு முகம், கை என்று எதிர்பாராத இடங்களில் முடி வளர்ந்தது. பக்கவிளைவாக வந்த அந்த முடி வளர்ச்சியையே பயனாக மாற்ற முடியுமா என்று ஆராய்ந்தார்கள். அதன் விளைவாக, தலையில் தடவும் 2 சதவீத திரவம் 1988-ல் ஆண்களுக்கும், 1991-ல் பெண்களுக்கும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 5 சதவீத திரவமும் நுரை வடிவ ஃபோமும் பிறகு வந்தன.

ஏன் இவ்வளவு தாமதம்?

காரணம் மருந்தில் இல்லை. முடி வளரும் விதத்தில் இருக்கிறது.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒவ்வொரு முடிக்கும் தனித்தனிச் சுழற்சி இருக்கிறது. முதலில் வளரும் பருவம். இது 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீடிக்கும். அடுத்து 2 முதல் 3 வாரங்கள் நீளும் ஒரு குறுகிய இடைப் பருவம். பிறகு ஏறக்குறைய 3 மாதங்கள் ஓய்வுப் பருவம். ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழும், அதே வேர்க்காலிலிருந்து புது முடி முளைக்கும். தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது சாதாரணம் என்று சொல்லப்படுவது இதனால்தான்.

பரம்பரை வழுக்கையில் இந்தச் சுழற்சி கெட்டுப்போகிறது. டிஹெச்டி என்ற ஹார்மோனின் தாக்கத்தால் வளரும் பருவம் குறுகிக்கொண்டே போகும். வேர்க்காலும் சிறுத்துப்போகும். தடிமனான முடி முளைத்த இடத்தில் மெல்லிய பூனை முடி முளைக்கும். கடைசியில் அதுவும் இல்லாமல் போகும்.

மினாக்ஸிடில் இந்த ஹார்மோனைத் தடுப்பதில்லை. ஓய்வில் இருக்கும் வேர்க்கால்களைச் சீக்கிரமே வளரும் பருவத்துக்குத் தள்ளிவிடுகிறது. வளரும் பருவத்தையும் நீட்டிக்கிறது. இங்கேதான் கணக்கைப் பார்க்க வேண்டும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். மருந்து இன்றே வேலையைத் தொடங்கினாலும், வேர்க்கால் விழித்து, புது முடி தோலுக்கு வெளியே வந்து, கண்ணாடியில் தெரியும் அளவுக்கு நீளவும் தடிக்கவும் மாதக்கணக்கில் ஆகத்தான் செய்யும். இதை வேகப்படுத்த எந்த மருந்துக்கும் வழியில்லை.

மாதம் மாதமாக என்ன நடக்கும்?

முதல் 2 வாரம்: வெளியில் எந்த மாற்றமும் தெரியாது. சிலருக்குத் தலை அரிக்கும், தோல் வறண்டு பொடுகு போல உதிரும்.

2 முதல் 8 வாரம்: பலரைப் பயமுறுத்தும் கட்டம் இது. ஓய்வில் இருந்த முடிகளை மருந்து ஒரே நேரத்தில் தள்ளிவிடுவதால், எப்படியும் விழ வேண்டிய பழைய முடிகள் கொஞ்சம் முன்கூட்டியே, மொத்தமாக விழுகின்றன. அதன் அடியில் புது முடி புறப்பட்டுவிட்டது என்பதுதான் இதற்குப் பொருள். எல்லோருக்கும் இப்படிக் கொட்டும் என்றில்லை. கொட்டவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை. ஆனால் 2 மாதம் தாண்டியும் உதிர்வு குறையாமல் போனால், அல்லது வட்ட வட்டமாகக் கொட்டினால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

3 முதல் 4 மாதம்: உதிர்வு குறைந்திருக்கும். உச்சந்தலையில் மென்மையான, நிறம் குறைந்த சின்னச் சின்ன முடிகள் தெரியலாம். 5 சதவீத மருந்தைத் தினமும் இரண்டு வேளை தடவும் ஆண்கள் சிலருக்கு 2 மாதத்திலேயே மாற்றம் தெரியும். பெரும்பாலானோருக்கு 4 மாதமாவது ஆகும்.

6 மாதம்: பூனை முடிகள் கொஞ்சம் தடித்து, கறுத்து, மற்ற முடியோடு சேரத் தொடங்கும். சிலருக்குப் புது முடி பெரிதாக வந்திருக்காது, ஆனால் கொட்டுவது நின்றிருக்கும். அதுவும் பலன்தான். பரம்பரை வழுக்கை தானாக நிற்காமல் கூடிக்கொண்டே போவது. அது இருந்த இடத்திலேயே நின்றால் மருந்து தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

12 மாதம்: கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி இதற்குள் கிடைத்துவிடும். இதற்குப் பிறகு மருந்தின் வேலை, கிடைத்ததைக் காப்பாற்றிவைப்பதுதான். "இரண்டாவது வருஷம் இன்னும் அடர்த்தியாகும்" என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

2 சதவீதமா, 5 சதவீதமா?

2002-ல் வெளியான ஓர் ஆய்வில் 393 ஆண்கள் 48 வாரங்கள் பங்கேற்றனர். 2 சதவீத மருந்தைவிட 5 சதவீத மருந்து தடவியவர்களுக்கு 45 சதவீதம் கூடுதலாக முடி வளர்ந்தது. பலனும் சீக்கிரமாகவே தெரிந்தது. அதே நேரம், அரிப்பு போன்ற தொந்தரவுகளும் 5 சதவீதத்தில்தான் அதிகம்.

பெண்களுக்கு 2 சதவீத திரவம் தினம் இரு வேளை அல்லது 5 சதவீத ஃபோம் தினம் ஒரு வேளை என்பது வழக்கமான முறை. அளவு கூடினால் முகத்தில் முடி வளரும் வாய்ப்பும் கூடுவதால், ஆண்கள் வாங்கி வைத்த பாட்டிலை வீட்டுப் பெண்களும் எடுத்துத் தடவுவது சரியல்ல.

எல்லோருக்கும் வேலை செய்யுமா?

செய்யாது. தலையில் தடவும் மினாக்ஸிடில் அப்படியே வேலை செய்வதில்லை. வேர்க்காலில் இருக்கும் ஒரு நொதி அதை வேறொரு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் முடி வளர்ச்சி தூண்டப்படும். இந்த நொதி சிலருக்கு அதிகமாகவும் சிலருக்குக் குறைவாகவும் இருக்கிறது. ஒரே கடையில் ஒரே மருந்தை வாங்கித் தடவும் இரண்டு நண்பர்களில் ஒருவருக்கு முடி வளர்ந்து, மற்றவருக்கு ஒன்றுமே நடக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எந்த இடம் என்பதும் முக்கியம். உச்சந்தலையில் பலன் நன்றாக இருக்கும். நெற்றி ஓரம் ஏறிக்கொண்டே போகும் முடிக் கோட்டில் பலன் குறைவு. முடி மெலியத் தொடங்கிய புதிதில் ஆரம்பிப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பல ஆண்டுகளாக வழவழவென்று ஆகிவிட்ட சொட்டையில், விழிக்க வைப்பதற்கு வேர்க்காலே மிச்சம் இருக்காது.

எந்த முடி உதிர்வுக்கு இந்த மருந்து?

மாதக்கணக்கில் காத்திருப்பதற்கு முன்னால் தெளிவாக வேண்டிய முதல் கேள்வி இதுதான். காரணம் தவறாக இருந்தால் ஆறு மாதமும் பணமும் வீண்.

டெங்கு, டைஃபாய்டு, கொரோனா போன்ற காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், கடுமையான டயட் ஆகியவற்றுக்குப் பிறகு 2 அல்லது 3 மாதம் கழித்துத் தலை முழுவதும் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பார்க்கப் பயமாக இருந்தாலும், காரணம் சரியானால் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் கொட்டுவது தானாகவே அடங்கிவிடும். இந்த நேரத்தில் ஏதோ ஓர் எண்ணெயைத் தடவியவர்கள், முடி திரும்ப வந்ததும் அந்த எண்ணெய்க்குப் பேர் வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறது.

நாணயம் அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழும் புழுவெட்டு, உடலின் எதிர்ப்பு சக்தி வேர்க்காலையே தாக்குவதால் வருவது. அதற்குச் சிகிச்சை வேறு. குழந்தைகளின் தலையில் செதில் செதிலாக வந்து முடி உதிர்ந்தால் அது படர்தாமரைத் தொற்றாக இருக்கலாம். தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைபாடு ஆகியவற்றால் வரும் உதிர்வுக்கு முதலில் அந்தப் பிரச்சினையைச் சரிசெய்ய வேண்டும். குறிப்பாகப் பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் நேரடியாக மருந்தில் இறங்குவது சரியான வழியல்ல.

பலனைத் தள்ளிப்போடும் தவறுகள்

அளவைக் குறைப்பது: திரவத்தில் ஒரு வேளைக்கு 1 மில்லி, தினம் இரண்டு வேளை. அதாவது 60 மில்லி பாட்டில் சரியாக ஒரு மாதம்தான் வர வேண்டும். அதே பாட்டில் இரண்டு மாதம் வந்தால், பாதி மருந்துதான் தலைக்குப் போகிறது என்று பொருள்.

அளவைக் கூட்டுவது: இரண்டு மடங்கு தடவினால் இரண்டு மடங்கு வேகத்தில் வளராது. பக்கவிளைவு மட்டுமே கூடும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை சேர்த்துத் தடவ வேண்டியதில்லை.

முடியில் தடவுவது: மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் தலைத் தோல். முடியை வகிடு பிரித்துத் தோலில் படும்படி தடவ வேண்டும்.

எண்ணெய்த் தலையில் தடவுவது: தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் மருந்து சரியாகத் தோலைச் சேராது. தலை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். எண்ணெய் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள் அதைத் தலைக்குக் குளிப்பதற்கு முன்பு வைத்துக்கொள்ளலாம்.

உடனே குளிப்பது, உடனே படுப்பது: தடவிய பிறகு குறைந்தது 4 மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. இரவில் படுப்பதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பே தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தலையணைக்குப் போய், அங்கிருந்து முகத்துக்கு வரும்.

திரவத்தில் ஆல்கஹால் இருப்பதால் எளிதில் தீப்பிடிக்கும். தலை காயும் வரை அடுப்பு, விளக்கு, சிகரெட் பக்கம் போகக் கூடாது.

பக்கவிளைவுகள் என்ன? யார் தவிர்க்க வேண்டும்?

அரிப்பு, எரிச்சல், தோல் சிவத்தல் ஆகியவை பொதுவானவை. பெரும்பாலும் திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற பொருள்தான் இதற்குக் காரணம். அது இல்லாத ஃபோமுக்கு மாறினால் பலருக்குத் தொந்தரவு குறைகிறது.

தடவும் மருந்தில் சராசரியாக 1.4 சதவீதம் மட்டுமே தோல் வழியாக உடலுக்குள் போகிறது. ஆனாலும் இது அடிப்படையில் ரத்த அழுத்த மருந்து என்பதை மறக்கக் கூடாது. நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், கை கால் வீக்கம், திடீர் எடை கூடுதல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மருந்து தடவிய தலையோடு குழந்தை ஒட்டிக்கொண்டு இருந்ததால், குழந்தையின் உடலில் முடி வளர்ந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. தடவியதும் கையை நன்றாகக் கழுவ வேண்டும். பூனை வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். சிந்திய சில துளிகளை நக்கினால்கூடப் பூனையின் உயிருக்கு ஆபத்து.

ஃபினாஸ்டெரைடு கலந்த மருந்து என்றால்?

மினாக்ஸிடிலோடு ஃபினாஸ்டெரைடு சேர்த்த தடவு மருந்துகளும் கடைகளில் உள்ளன. ஃபினாஸ்டெரைடு, டிஹெச்டி ஹார்மோன் உருவாவதைக் குறைக்கும் மருந்து. ஆண்களுக்கான 1 மில்லிகிராம் மாத்திரையாக 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரையிலும் பலன் தெரியக் குறைந்தது 3 மாதம் ஆகும். தடவும் வடிவத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இல்லை. பாலுறவில் ஆர்வக் குறைவு, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் சிலருக்கு வந்ததாகப் புகார்கள் உண்டு. ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் இதைக் கையால் தொடவே கூடாது. எனவே வாங்கும் முன் பாட்டிலில் என்னென்ன மருந்து எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது எப்படி?

தினமும் கண்ணாடி பார்த்தால் எதுவும் தெரியாது. மருந்து தொடங்கும் நாளிலேயே உச்சந்தலை, வகிடு, நெற்றி ஓரம் என மூன்று படங்கள் எடுத்துவைக்க வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை அதே இடம், அதே வெளிச்சம், அதே வகிடு, உலர்ந்த முடி என்று வைத்துப் படம் எடுக்கலாம். முதல் மாதப் படத்தையும் ஆறாவது மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

ஆறு மாதம் ஒரு வேளையும் விடாமல் தடவியும் உதிர்வும் குறையவில்லை, புது முடியும் இல்லை என்றால், தொடர்வதா, வேறு சிகிச்சைக்கு மாறுவதா என்று தோல் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

மருந்து வழுக்கையின் காரணத்தை நீக்குவதில்லை என்பதால், நிறுத்தியதும் வேர்க்கால்கள் பழைய பாதைக்கே திரும்பும். 3 முதல் 4 மாதங்களுக்குள் புதிதாக வந்த முடி உதிர்ந்துவிடும். "மருந்தை விட்டதும் முன்பைவிட மோசமாகிடுச்சு" என்று தோன்றலாம். உண்மையில், மருந்தே எடுக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் தலை எப்படி இருந்திருக்குமோ, ஏறக்குறைய அந்த நிலைக்குத்தான் வந்து சேர்கிறது.

ஆகவே தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: தினமும் இதைச் செய்ய முடியுமா? ஆண்டுக்கணக்கில் மாதம் ஒரு பாட்டில் வாங்கக் கட்டுப்படியாகுமா? முடியாது என்றால், தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பதும் ஒரு நல்ல முடிவுதான். பரம்பரை வழுக்கையால் உடல் நலத்துக்குக் கேடு எதுவும் வந்துவிடுவதில்லை.

"30 நாளில் முடி" விளம்பரங்களை நம்பலாமா?

மாதம் 1 சென்டிமீட்டர் மட்டுமே வளரும் முடி, 30 நாளில் சொட்டையை மூடாது. இந்தியாவில் 1945-ம் ஆண்டு மருந்துகள் விதிகளில் ‘ஜே’ என்றோர் அட்டவணை உண்டு. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாகவோ வராமல் தடுப்பதாகவோ ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. வழுக்கையும் அதில் இருக்கிறது. எனவே "வழுக்கைக்கு நிரந்தரத் தீர்வு, கேரண்டி" என்று யாராவது மருந்து விற்றால், பணத்தை எடுக்கும் முன் ஒருமுறை யோசிப்பது நல்லது.

மொத்தத்தில், சரியான காரணத்துக்கு, சரியான அளவில், குறைந்தது ஆறு மாதம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் மினாக்ஸிடில் ஒருவருக்கு வேலை செய்கிறதா என்பது தெரியும். ஐந்தாவது வாரம் சீப்பில் முடி கூடுதலாக வருகிறதே என்று பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டால், மருந்து தன் வேலையைக் காட்டும் முன்பே கைவிட்டதாகிவிடும்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. எந்த மருந்தையும் தொடங்கும் முன்பு தோல் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)